கூட்டிப் படிக்கும் வயது

இங்கிலாந்தின் தொடக்கப் பள்ளிகளில் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் ஒரு சின்னத் தேர்வு நடக்கிறது. எழுதுபவர்கள் முதல் வகுப்புப் பிள்ளைகள். ஆறு வயதை ஒட்டியவர்கள். எழுதுபவர்கள் என்பதுகூடத் தவறு, இதில் எழுத ஒன்றும் இல்லை. ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையாக அழைத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறார். தாளில் 40 சொற்கள் இருக்கும். அவற்றை வாய்விட்டுப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். சில நிமிடங்களில் முடிந்துவிடும். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த 40 சொற்களில் 20 சொற்களுக்குப் பொருளே கிடையாது. எந்த அகராதியிலும் இல்லாத, தேர்வுக்காகவே செய்த சொற்கள். பிள்ளை குழம்பக் கூடாது என்பதற்காக அத்தகைய சொல்லின் அருகே வேற்றுக்கிரகப் பிராணி மாதிரி ஒரு படம் போட்டிருப்பார்கள். இந்தப் பிராணியின் பெயர் இது, படி பார்க்கலாம் என்று கேட்பார்கள்.

2012இல் இந்தத் தேர்வு தொடங்கியபோது தேறியவர்கள் 58 விழுக்காடு. 2019இல் அது 82 ஆனது. கொரோனாவில் சரிந்து, 2024இல் மீண்டும் 80க்கு வந்தது. தேற வேண்டுமானால் 40க்கு 32 சொற்கள் சரியாக இருக்க வேண்டும். ஓர் அரசாங்கம் மெனக்கெட்டு அர்த்தமற்ற சொற்களை உருவாக்கிக் குழந்தைகளைப் படிக்கச் சொல்கிறதே என்று அங்கேயே பலர் கேலி செய்தார்கள். மைக்கேல் ரோஸன் போன்ற குழந்தை எழுத்தாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். ஆனாலும் அந்தத் தேர்வில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருப்பதை மறுக்க முடியாது. தெரிந்த சொல்லைப் பிள்ளை சரியாகச் சொன்னால், அது படித்துச் சொன்னதா, முன்பு பார்த்த ஞாபகத்தில் சொன்னதா, பக்கத்துப் படத்தைப் பார்த்து ஊகித்ததா என்று கண்டுபிடிப்பது கஷ்டம். இல்லாத சொல்லை ஊகிக்க வழியில்லை. எழுத்தைப் பார்த்து ஒலியைக் கூட்டினால்தான் உண்டு.

நம் ஊர் முதல் வகுப்பு ஆசிரியைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். தமிழ்ப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு முழுப் பாட்டையும் கணீரென்று ‘படிக்கும்’ பிள்ளை எல்லா வகுப்பிலும் ஒன்றிரண்டு உண்டு. விரல் இரண்டாம் வரியில் நிற்கும். வாய் நான்காம் வரிக்குப் போயிருக்கும். நடுவில் ஒரு சொல்லின் மேல் கை வைத்து ‘இது என்னடா?’ என்று கேட்டால், பாட்டை முதலிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்து, அந்த இடம் வந்ததும் நிறுத்தி விடை சொல்வான். சாமர்த்தியம்தான். ஆனால் அவன் இன்னும் படிக்கத் தொடங்கவில்லை. இது தெரியாமல் அவனை இரண்டாம் வகுப்புக்கு அனுப்பிவிட்டால், மூன்றாம் வகுப்பில் பாட்டு நீண்டு உரைநடை வரும்போது அவன் வாய் மூடிக்கொள்ளும். அப்போது ‘நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு என்ன ஆயிற்று?’ என்று வீட்டிலும் பள்ளியிலும் கேட்பார்கள்.

குழந்தைக்கு வாசிக்கக் கற்றுக்கொடுப்பது எப்படி என்று உலகில் நடந்த சண்டைகளில் பெரும்பகுதி ஆங்கிலத்துக்காக நடந்தது. அந்தச் சண்டையின் தீர்ப்பை அப்படியே தமிழ் வகுப்பறையில் இறக்கினால் பொருந்தாது. நமக்கென்ன வந்தது என்று விட்டுவிட்டாலும் நஷ்டம் நமக்குத்தான். எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்பதே இந்தச் சொற்பொழிவு எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் அந்தச் சண்டை. ஆங்கிலத்துக்கு எழுத்து 26. ஒலியோ ஏறக்குறைய 44. பற்றாக்குறையை எழுத்துகளைக் கூட்டியும் மாற்றியும் சமாளித்து, அதற்குமேல் பல நூற்றாண்டு உச்சரிப்பு மாற்றங்களை எழுத்தில் ஏற்றாமலே விட்டுவிட்ட மொழி அது. ஓ, யு, ஜி, எச் என்ற நான்கெழுத்துக் கூட்டு ஒரு சொல்லில் தோ என்றும், ஒன்றில் த்ரூ என்றும், ஒன்றில் காஃப் என்றும், ஒன்றில் ரஃப் என்றும் ஒலிக்கும். இந்தக் கூத்தைப் பார்த்துச் சலித்துப்போன சர் ஜேம்ஸ் பிட்மன், குழந்தைகளுக்கென்றே ஒலிக்கு ஓர் எழுத்தாகப் புது நெடுங்கணக்கு ஒன்றைச் செய்தார். 1961 முதல் இங்கிலாந்தின் பல பள்ளிகளில் அதில் பாடம் நடந்தது. பிள்ளைகள் விரைவாகப் படித்தார்கள். பிறகு வழக்கமான எழுத்துக்கு மாற வேண்டிய நாள் வந்தபோது பலர் தடுமாறினார்கள். அந்தச் சோதனை மெல்ல மறைந்தது.

அமெரிக்காவில் ருடால்ஃப் ஃபிளெஷ் 1955இல் எழுதிய நூல், எழுத்தொலியைச் சொல்லித் தராமல் முழுச்சொல்லாகப் பார்க்கப் பழக்குவதால்தான் பிள்ளைகளுக்குப் படிக்கத் தெரியவில்லை என்று போட்டு உடைத்தது. 1967இல் ஜீன் சால், அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் அலசி, தொடக்கத்தில் எழுத்தொலி கற்பிப்பதே மேல் என்று முடிவு சொன்னார். அதே 1967இல் கென்னத் குட்மன் நேர் எதிராக வந்தார். வாசிப்பு என்பது ஊகம். நல்ல வாசகன் எழுத்தெழுத்தாகப் பார்ப்பதில்லை, சூழலை வைத்து யூகித்துக்கொண்டே போகிறான் என்றார். கேட்க அழகாக இருந்தது. வகுப்பறைகளில் அது பரவியது. தெரியாத சொல் வந்தால் படத்தைப் பார், முதல் எழுத்தைப் பார், என்ன சொல் பொருந்தும் என்று யோசி என்று ஒரு தலைமுறைக் குழந்தைகளுக்குச் சொல்லப்பட்டது. கண்ணசைவுகளை அளக்கும் கருவிகள் வந்த பின் தெரிந்தது வேறு: நன்றாக வாசிப்பவரின் கண் பெரும்பாலான சொற்களில் நின்று, எழுத்துகளைத் தொட்டுத்தான் செல்கிறது. ஊகத்தை நம்பி இருப்பவர், படிக்கத் திணறுபவர்தான்.

ஸ்காட்லாந்தின் கிளாக்மன்னன்ஷயர் என்ற சிறு வட்டாரத்தில் ரோனா ஜான்ஸ்டனும் ஜாய்ஸ் வாட்ஸனும் ஏறக்குறைய 300 பிள்ளைகளை ஏழு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2005இல் அறிக்கை கொடுத்தார்கள். எழுத்துக்கு ஒலி, ஒலியைக் கூட்டிச் சொல் என்று முதல் நாளிலிருந்து கற்ற பிள்ளைகள், தொடக்கப் பள்ளி முடியும்போது சொல் வாசிப்பில் தங்கள் வயதுக்கு மூன்றரை ஆண்டு முன்னால் இருந்தார்கள். இதை வைத்து எழுந்த விவாதத்தில்தான் ஜிம் ரோஸ் தலைமையிலான ஆய்வு 2006இல் இங்கிலாந்தின் பள்ளிகளை ஒலிமுறைக்குத் திருப்பியது. இந்த வெற்றிக் கதையைச் சொல்பவர்கள் அதே அறிக்கையின் இன்னோர் எண்ணை அவ்வளவாகச் சொல்வதில்லை. படித்ததைப் புரிந்துகொள்வதில் அந்தப் பிள்ளைகளின் முன்னிலை மூன்றரை ஆண்டு அல்ல, மூன்றரை மாதம். சொல்லை உச்சரிக்கத் திறந்த வாசல், பொருளுக்குத் தானாகத் திறந்துகொள்வதில்லை. இரண்டு எண்களையும் சேர்த்துப் படிப்பதுதான் நேர்மை.

ஆங்கிலத்தின் சிக்கல் எவ்வளவு தனிப்பட்டது என்பதற்கு டண்டீ பல்கலைக்கழகத்தின் பிலிப் சீமோர் குழு 2003இல் வெளியிட்ட ஆய்வைப் பார்க்க வேண்டும். ஐரோப்பாவின் பல மொழிகளில் முதல் வகுப்பு முடிக்கும் பிள்ளைகளுக்கு அவரவர் மொழியில் பழகிய சொற்களைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். ஃபின்னிஷ், கிரேக்கம், ஜெர்மன் பிள்ளைகள் 98 விழுக்காடு சரியாகப் படித்தார்கள். ஸ்பானிஷ், இத்தாலியன் 95. ஃபிரெஞ்சு 79. ஆங்கிலம் 34. ஃபின்லாந்துப் பிள்ளை ஏழு வயதில்தான் பள்ளிக்கே போகிறது என்பதையும் சேர்த்துக்கொண்டால், குறை பிள்ளையிடம் இல்லை, எழுத்துமுறையிடம்தான் என்பது விளங்கும்.

தமிழ் இந்த வரிசையில் எங்கே உட்காரும்? எழுத்தைப் பார்த்தால் ஒலி தெரிந்துவிடுகிறது என்ற கணக்கில், ஃபின்னிஷுக்கும் இத்தாலியனுக்கும் பக்கத்தில் உட்கார வேண்டிய மொழி. க என்ற எழுத்து கல்லில் ஒரு மாதிரியும் சங்கத்தில் ஒரு மாதிரியும் மகனில் ஒரு மாதிரியும் ஒலித்தாலும், எங்கே எப்படி ஒலிக்கும் என்பது இடத்தைப் பொறுத்து அமைந்திருக்கிறது. தமிழ் பேசி வளர்ந்த பிள்ளைக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம். நாக்கு தானே திரும்பிவிடும். ஓசூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டு வரும் பிள்ளைக்குத்தான் சொல்லித் தர வேண்டியிருக்கும். அப்படியானால் நம் பிள்ளைகள் முதல் வகுப்பு முடியும்போது 95 விழுக்காடு படிக்க வேண்டுமே? இந்தியக் கிராமப்புறத்தில் வீடு வீடாகப் போய் ஒவ்வொரு பிள்ளையாகப் படிக்கச் சொல்லிப் பார்க்கும் அசர் அறிக்கை 2005 முதல் வந்துகொண்டிருக்கிறது. அரசுப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில், இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாகப் படிக்க முடிந்தவர்கள் 2022இல் 16.3 விழுக்காடு, 2024இல் 23.4. நாடு முழுவதற்குமான எண் இது. இந்திய மொழிகளில் பெரும்பாலானவை எழுத்துக்கும் ஒலிக்கும் நெருக்கம் உள்ளவைதான். நெருக்கம் இருந்தும் ஏன் இந்த நிலை?

ஒரு காரணம் எண்ணிக்கை. ஆங்கிலக் குழந்தைக்கு எழுத்து குறைவு, விதிவிலக்கு அதிகம். தமிழ்க் குழந்தைக்கு விதிவிலக்கு குறைவு, பார்த்து அடையாளம் காண வேண்டிய வடிவங்கள் அதிகம். கன்னடக் குழந்தைகளைப் பற்றி சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஐரோப்பியப் பிள்ளைகள் எழுத்து கற்பதை ஓராண்டில் முடித்துவிடும்போது, கன்னடப் பிள்ளைகள் நான்காம் வகுப்பு வரையிலும்கூடக் கற்றுக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு மெய்யின் கீழ் இன்னொன்றை ஒட்டி எழுதும் கன்னடத்தின் ஒத்தெழுத்துச் சிக்கல் தமிழில் இல்லை. புள்ளி வைத்து மெய்யைத் தனியே நிறுத்தும் ஏற்பாடு நமக்குப் பெரிய வரம். ஆனாலும் 247 என்பது சின்ன எண் அல்ல.

இந்த 247ஐ நம் பள்ளிகள் அட்டவணையாக நடத்துகின்றன. சுவரில் தொங்கும் அட்டையில் க, கா, கி, கீ என்று தொடங்கி வரிவரியாக இறங்கி, பிள்ளைகள் கோரஸாகச் சொல்லி, ஙௌ வரைக்கும் போய் வருகிறார்கள். ஙௌ என்ற எழுத்து வரும் சொல் தமிழில் ஒன்றுகூட இல்லை. ஙகர வரிசையில் ங் ஒன்றுதான் அன்றாடம் பயன்படுகிறது. ஔகார வரிசையில் புழக்கத்தில் இருக்கும் சொற்களை இரண்டு கை விரல்களில் எண்ணிவிடலாம். ஆறு வயதுப் பிள்ளையின் காலையை அதற்குச் செலவிடுவது யாருடைய மனநிறைவுக்காக என்று கேட்கத்தான் வேண்டும். வரிசையாக ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளையிடம் நடுவிலிருந்து ‘நூ’ என்று எழுதிக் காட்டினால், ந, நா, நி என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டு வருவதைப் பார்க்கலாம். பாட்டை முணுமுணுத்த அதே வித்தைதான்.

உகர, ஊகார வரிசைகள்தான் தமிழெழுத்தின் கரடுமுரடான பகுதி. கா, சா, டா, தா என்று கால் ஒரே மாதிரி ஒட்டிக்கொள்ளும். கு, சு, டு, து, பு, மு என்று வரும்போது ஒட்டு ஒவ்வோர் எழுத்திலும் ஒரு விதமாக வளைகிறது. 18 மெய்க்கு இரண்டு வரிசை, 36 வடிவங்கள். 1978இல் எம்.ஜி.ஆர். அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிட்டபோது ணா, றா, னா, லை, ளை முதலான 13 எழுத்துகள் மற்ற எழுத்துகளோடு ஒத்துப்போகும்படி மாறின. அதன் பயனை அன்றிலிருந்து ஒவ்வொரு முதல் வகுப்பும் அனுபவிக்கிறது. இந்த 36இல் கை வைக்க இனி யாருக்கும் துணிச்சல் வராது, வரவும் வேண்டாம். ஆகவே அவற்றுக்கு நேரம் கொடுத்துத்தான் தீர வேண்டும்.

ஒரு சிறுமி ‘கொய்யா’ என்ற சொல்லைப் படிப்பதைக் கிட்டே இருந்து பார்ப்போம். கண் இடமிருந்து வலமாகப் போகிறது. முதலில் தட்டுப்படுவது ஒற்றைக்கொம்பு. கொம்புக்குத் தனி ஒலி கிடையாது. அதைத் தாண்டி க வரைக்கும் போய்விட்டுத் திரும்பிவர வேண்டும். கொம்பும் க-வும் சேர்ந்து ‘கெ’ என்று அவள் சொல்லிவிடுகிறாள். அடுத்து ஒரு கால் நிற்கிறது. அது ர மாதிரியும் இருக்கிறது. ‘கெர...’ என்று இழுக்கிறாள். ஆசிரியை முகத்தைப் பார்க்கிறாள். பக்கத்தில் கொய்யாப்பழத்தின் படம் இருந்தால் ‘கொய்யா!’ என்று கூவி எல்லோரையும் திருப்திப்படுத்திவிடுவாள். கொம்பு, க, கால் மூன்றும் சேர்ந்து ஒரே ஒலி என்பது அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை என்பதைப் படம் மறைத்துவிடும். கெ, கே, கை, கொ, கோ ஆகிய ஐந்தையும் எதிரெதிரே வைத்து, மாற்றி மாற்றிக் காட்டி, பல நாள் பழக்க வேண்டிய இடம் இது. அட்டவணையில் அது ஒரு வரியோடு முடிந்துபோகிறது.

இன்னொரு முடிச்சு மெய்யெழுத்தின் பெயரில் இருக்கிறது. க் என்பதை நாம் ‘இக்’ என்றும் ம் என்பதை ‘இம்’ என்றும் சொல்லித் தருகிறோம். பல மெய்களைத் தனியே உச்சரிப்பது கடினம், வேறு வழியில்லை. ஆனால் பட்டம் என்ற சொல்லைக் கூட்டும் பிள்ளை ‘ப, இட், ட, இம்’ என்று சொல்லிவிட்டு, அதிலிருந்து இரண்டு இகரங்களை உதறினால்தான் பட்டம் வரும். உதற வேண்டும் என்று யாரும் அவனுக்குச் சொல்வதில்லை. சில பிள்ளைகள் தாமாகக் கண்டுகொள்கிறார்கள். கண்டுகொள்ளாதவர்கள் ‘பஇட்டஇம்’ என்று நான்கு முறை சொல்லிவிட்டு நம்மையே பார்க்கிறார்கள். இங்கிலாந்தில் எழுத்தின் பெயரைச் சொல்லாதே, ஒலியைச் சொல் என்று ஆசிரியர்களுக்குத் திரும்பத் திரும்பப் பயிற்சி கொடுப்பதன் காரணமும் இதுதான். அனுபவமுள்ள தமிழாசிரியைகள் இதற்கு எளிய வழி வைத்திருக்கிறார்கள். புள்ளி எழுத்தைத் தனியே விடுவதே இல்லை. முன்னெழுத்தோடு சேர்த்து ‘பட்’, ‘டம்’ என்று இரண்டு துண்டாக்கிப் பிறகு சேர்க்கிறார்கள். பட்-டம், பட்டம். எழுத்துக்கூட்டிப் படி என்று நம் முன்னோர் சொன்னது இதைத்தான். ஒலிமுறை என்ற பெயர் இல்லாமலே அது இங்கே இருந்தது.

இருந்தது மட்டுமல்ல, இங்கிருந்து அங்கேயும் போனது. 1789இல் சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர் விடுதியின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக்கொண்டே உரக்கச் சொல்வதைக் கண்டு தம் விடுதியிலும் அதைத் தொடங்கினார். ஆசிரியர்கள் ஒத்துழைக்காததால், ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் சின்னப் பிள்ளைகளை ஒப்படைத்தார். நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளைதான். 1797இல் லண்டனில் பெல் இதை நூலாக வெளியிட, ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது பல நாடுகளுக்குப் பரவியது. பெல் விட்டுச்சென்ற அறக்கொடையில் அவருடைய சொந்த ஊரான செயின்ட் ஆண்ட்ரூஸில் எழுந்த பள்ளிக்கு இன்றைக்கும் மெட்ராஸ் காலேஜ் என்றுதான் பெயர். பெல்லுக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின் மரியா மாண்டிசோரி உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைப் பிள்ளைகளின் விரலால் தடவவைத்து, பெயரைச் சொல்லாமல் ஒலியைச் சொல்லவைத்தார். 1939இல் அடையாறுக்கு வந்த அவர், போர்க்காலம் முழுவதும் இந்தியாவில் தங்கி ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். விரலும் வாயும் கண்ணும் ஒன்றாக வேலை செய்வதன் பயனை மணல் பரப்பிய திண்ணை முன்பே அறிந்திருந்தது. திண்ணையின் பிரம்பையும், அது யாரை உள்ளே விடவில்லை என்பதையும் மறந்துவிட்டுப் பெருமை பேச வேண்டியதில்லை.

எழுத்தை எந்த வரிசையில் கற்பிப்பது என்பதிலும் நம்மிடம் நல்ல முன்மாதிரி உண்டு. இங்கிலாந்தில் அகரவரிசையை ஒதுக்கிவிட்டு எஸ், ஏ, டி, பி, ஐ, என் என்று ஆறெழுத்தில் தொடங்குகிறார்கள், உடனே பல சொற்கள் கிடைக்கும் என்பதால். தமிழில் வரிவடிவம் எளிதான ட, ப, ம என்று தொடங்கும் முறை முதியோர் கல்வியிலும் தொடக்கக் கல்வியிலும் பயன்பட்டிருக்கிறது. இந்த மூன்றெழுத்தோடு ஒரு புள்ளியும் ஒரு துணைக்காலும் கொடுத்தால் படம், மடம், பட்டம், மட்டம், பாடம், மாடம், மாமா, பாப்பா, டப்பா எல்லாம் வந்துவிடும். முதல் வாரத்திலேயே பிள்ளை சொந்தமாகச் சொல் படிக்கிறது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையைக் கலக்கிய அறிவொளி இயக்கத்தின் முதல் பாடச் சொல் ‘பட்டா’. நிலமில்லாத பெண் முதன்முதலில் எழுத்துக்கூட்டிப் படிக்கும் சொல் எதுவாக இருக்க வேண்டும் என்று யாரோ சரியாக யோசித்திருக்கிறார்கள். அகரத்தில் தொடங்கினால் அம்மாவைத் தாண்ட மாதக்கணக்கு ஆகும்.

கற்பிக்கும் முறையை மாற்றத் தமிழ்நாட்டு அரசும் முயன்றிருக்கிறது. பிள்ளை அட்டைகளை வைத்துத் தானே கற்கும் செயல்வழிக் கற்றல் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் அதிகாரி எம்.பி.விஜயகுமார் முயற்சியில் தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுவதும் வந்தது. ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளி வகுத்த அட்டைகளும் ஏணிப்படிகளும் அதற்கு அடிப்படை. பிள்ளை தன் வேகத்தில் போகலாம், ஆசிரியர் தரையில் இறங்கி உட்கார்ந்தார், கரும்பலகை பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்துக்கு வந்தது. இவை சாதாரண மாற்றங்கள் அல்ல. ஆனால் படிப்பது சத்தம் போட்டுப் பழக வேண்டிய வேலை. ஐம்பது அட்டைகளோடு ஐம்பது பிள்ளைகள் தனித்தனியே இயங்கும்போது, யார் எதைத் தவறாகச் சொல்கிறார் என்று கேட்க ஒரு ஜோடிக் காது போதாது. 2022 ஜூனில் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் கொரோனாவில் விட்டுப்போன பாடத்தை மீட்க முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பப் பிரித்தது. பிரிப்பது சரியான காரியம். அரும்பில் இருக்கும் பிள்ளை மொட்டுக்குப் போகாமலே ஆண்டு முடிந்தால், அதைப் பதிவேட்டில் மறைக்காமல் எழுதும் துணிவு ஆசிரியருக்கும், அதைக் கேட்டுக் கோபப்படாத பொறுமை அதிகாரிக்கும் வேண்டும். கூட்டங்களில் ஆசிரியர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வது இதைப் பற்றித்தான்.

எழுத்துக்கூட்டத் தெரிந்த பின்னும் ஒரு மேடு காத்திருக்கிறது. பிள்ளையின் வீட்டில் பஸ் ‘வந்துக்கிட்டு இருக்கு’. புத்தகத்தில் பேருந்து ‘வந்துகொண்டிருக்கிறது’. பதினோர் எழுத்துகளைச் சிரமப்பட்டுக் கூட்டி முடித்த பிள்ளை, தன் காதில் விழுந்த ஒலி தனக்குத் தெரிந்த எந்தச் சொல்லோடும் பொருந்தாமல் நிற்கிறது. ஆங்கிலப் பிள்ளை கேட் என்று கூட்டினால் உடனே பூனை நினைவுக்கு வரும். நம் பிள்ளைக்கு அந்த வெளிச்சம் தாமதமாக வருகிறது, சில சமயம் வருவதே இல்லை. போதாக்குறைக்குத் தமிழ் வினைச்சொற்கள் ரயில் பெட்டிகளைப் போல நீளும். ஆகையால் முதல் ஆண்டின் கதைகள் ‘போச்சு’, ‘வந்தாங்க’ என்று பேச்சு நடையிலேயே இருந்தால் கெட்டுப்போவது ஒன்றுமில்லை. எழுத்து நடை கெட்டுவிடும் என்று பதறுபவர்கள், பிள்ளைக்கு எழுத்து நடையைக் காதில் ஏற்றும் வேறு வழியைப் பார்க்கலாம்: தினமும் பெரியவர்கள் நல்ல கதையை வாய்விட்டுப் படித்துக் காட்டுவது. கிளாக்மன்னன்ஷயரின் மூன்றரை மாதம் சொல்வதும் இதைத்தான். கூட்டுவது ஒரு கலை. சொல்வளம் இன்னொரு சேமிப்பு. இரண்டும் தனித்தனியே வளர வேண்டும்.

ஆங்கிலப் பாடத்துக்கு இங்கே ஒரு வார்த்தை. 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவுகள் வந்துவிட்டன. பல இடங்களில் பிள்ளை இன்னமும் ஸி, ஏ, டீ என்று பெயர்களைச் சொல்லிவிட்டு கேட் என்று முடிக்கிறது. அந்த மூன்று பெயர்களை எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் கேட் வராது என்பதை யாரும் யோசிப்பதில்லை. ஆங்கிலத்துக்கு ஒலிமுறை கட்டாயம் தேவை. அதில் இனிச் சந்தேகத்துக்கு இடமில்லை. ஆனால் இங்கிலாந்தின் புத்தகத்தில் இல்லாத ஒரு வேலை நம் ஆசிரியருக்கு உண்டு. தமிழில் ஒரே ப-வை இரண்டு விதமாகவும் ஒலித்துப் பழகிய பிள்ளை, ஆங்கிலத்தில் பிரீத்தியின் முதல் ஒலி வேறு, பந்தைக் குறிக்கும் பாலின் முதல் ஒலி வேறு என்று காதால் பிரிக்க முதலில் பழக வேண்டும். எழுத்தைக் காட்டுவதற்கு முன் காதுக்குப் பயிற்சி. நகரத் தெருக்களில் ‘ஃபோனிக்ஸ் வகுப்பு’ என்று பலகை மாட்டி, மூன்று வயதுப் பிள்ளைக்கு 44 ஒலிகளைப் பாட்டாக மனப்பாடம் செய்விக்கும் வியாபாரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒலியை ஒப்பிப்பதும் எழுத்தை ஒப்பிப்பதும் ஒன்றே. கூட்டத் தெரியாவிட்டால் இரண்டும் வீண். தாய்மொழியில் கூட்டிப் படிக்கும் தந்திரம் பிடிபட்ட பிள்ளைக்கு ஆங்கிலத்தில் பாதி வேலை முடிந்துவிடுகிறது என்பதைப் பெற்றோரிடம் எடுத்துச் சொல்லும் பொறுப்பு பள்ளிகளுக்கு உண்டு.

இவ்வளவு முறையாகச் சொல்லிக் கொடுத்தும் சில பிள்ளைகளுக்கு எழுத்து பிடிபடாது. அவர்கள் மக்குகள் அல்ல. கற்றல் குறைபாட்டை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரித்திருக்கிறது. தமிழெழுத்து ஒலிக்கு நெருக்கமானது என்பதால் இத்தகைய பிள்ளை தப்பாகப் படிப்பதைவிட, சரியாகவே மிக மெதுவாகப் படிப்பதுதான் அதிகம். அதனால் ‘படிக்கிறான், சோம்பேறி’ என்ற முத்திரை சுலபமாக விழுந்துவிடுகிறது. தமிழில் எத்தனை சொல்லைச் சரியாகப் படித்தான் என்று பார்ப்பதோடு, எவ்வளவு நேரத்தில் படித்தான் என்றும் பார்த்தால்தான் இவர்கள் கண்ணில் படுவார்கள்.

பாடநூல் குழுவில் இருப்போருக்கும் பதிப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்களைப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தது. நுழைவதற்கும் முன்னால் ஒரு படி தேவைப்படுகிறது: இதுவரை கற்ற எழுத்துகளைத் தவிர வேறெதுவும் இல்லாத எட்டுப் பக்கப் புத்தகங்கள். ட, ப, ம கற்ற பிள்ளைக்கு ட, ப, ம மட்டும் கொண்ட ஒரு கதை. அடுத்த நான்கெழுத்து வந்ததும் அடுத்த புத்தகம். படம் கதையைச் சொல்லட்டும், சொல்லைக் காட்டிக்கொடுக்க வேண்டாம். இங்கிலாந்தின் பள்ளி அலமாரிகளில் இவை வரிசை வரிசையாக இருக்கின்றன. இவற்றை எழுதுவது நாவல் எழுதுவதைவிடக் கடினம். நம் நல்ல எழுத்தாளர்கள் சிலராவது முயன்று பார்க்க வேண்டும். ஆசிரியர்களிடம் கேட்பது இன்னும் எளிது. சுவரில் தொங்கும் அட்டவணைக்கு ஒதுக்கிய அரைமணியில் பாதியை எடுத்து, நாளைக்கு ஐந்து பிள்ளைகள் வீதம் பக்கத்தில் உட்கார வைத்து, ஆளுக்கு மூன்று நிமிடம் அவர்கள் படிப்பதைக் கேளுங்கள். முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஆறு பள்ளி நாள்களில் எல்லோரையும் ஒரு சுற்றுக் கேட்டு முடித்துவிடலாம்.